அப்பாவுக்கு இன்றும் அசதி

கொட்டாஞ்சேனை
12.01.2025

ஜனா,

கடிதத்தைக் கண்டதும், அக்காவிடம் போன் இல்லையா என்று கேட்பாய். இருக்கிறது. நானும் நீயும் போனில் கதைத்தால் நாலாவது வசனத்தில் சத்தம் ஏறும், ஆறாவதில் யாராவது ஒருவர் வெட்டிவிடுவோம். கடிதத்தை அப்படி வெட்ட முடியாது. கிழிக்கலாம். ஆனால் வாசித்துவிட்டுத்தான் கிழிப்பாய், உன்னை எனக்குத் தெரியும். அப்பாவைப் பார்க்கிற துஷாந்தினி மட்டக்குளியிலிருந்து உன் வீட்டுக்கு வருகிற வழியில்தான் என் வீட்டு ஒழுங்கை இருக்கிறது. இதை அவளுடைய பையில் போட்டு விடுகிறேன். பதில் எழுதினால் அவளிடமே கொடு.

வெள்ளிக்கிழமை வெள்ளவத்தைக்கு வந்திருந்தேன். வழக்கம்போல நீ வேலைக்குப் போயிருந்த நேரம்தான். உஷாந்தியும் படிப்பிக்கப் பள்ளிக்கூடம் போயிருந்தாள்; புருஷன் பெண்சாதி இருவரும் இல்லாத வீடு. காலை பதினொன்றரை மணி. அப்பா சாய்மனைக் கதிரையில் கிடந்தார். வாய் ஒரு பக்கம் கோணி, எச்சில் வழிந்து சேர்ட் கொலர் நனைந்திருந்தது. “அப்பா, அருந்ததி வந்திருக்கிறன்” என்று நாலு தரம் சொன்னேன். ஒரு கண் பாதி திறந்தது. அது என்னைப் பார்க்கவில்லை. திரும்ப மூடிவிட்டது.

முப்பத்தாறு வருஷம் துறைமுகத்தில் சரக்கு எண்ணின கிளாக்கர் அவர். இரவு ஷிப்ட் முடித்து வந்தாலும் குளித்துவிட்டுச் சந்தைக்குப் போகிற மனுசன். நாங்கள் மத்தியானம் படுத்தால், “பகலில நித்திரை கொள்ளுறவன் கப்பலையே களவு குடுத்திடுவான்” என்று காலில் தட்டி எழுப்புவார். ஞாபகம் இருக்கிறதா?

மேசையில் அவருடைய கொப்பி இருந்தது. துஷாந்தினி ஒவ்வொரு நாளும் எழுதுகிற கொப்பி. என்ன சாப்பிட்டார், பிரஷர் எவ்வளவு, குளித்தாரா, கடைசியில் ‘நிலைமை’. சும்மா புரட்டினேன். ஒக்ரோபர் வரைக்கும் நிலைமை என்ற இடத்தில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு கதை. ‘பேப்பர் வாசித்தார்.’ ‘என்னோடு சண்டை பிடித்தார்.’ ‘சோற்றை எறிந்தார்.’ ‘பாட்டுப் படித்தார், சொல் மறந்து அழுதார்.’ வாசிக்க எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. நவம்பரிலிருந்து ஒரே ஒரு சொல். ‘அசதி.’ அடுத்த நாளும் ‘அசதி.’ நத்தார்ப் பண்டிகைக்கும் அதுதான், புதுவருஷத்துக்கும் அதுதான். எழுபத்தொரு நாள்.

எனக்கு ஒரு கேள்விதான் இருக்கிறது. அப்பாவுக்கு என்ன நடந்தது?

அருந்ததி

*

வெள்ளவத்தை
15.01.2025

அன்புள்ள அக்கா,

கடிதம் கிடைத்தது. நேற்றுப் பொங்கல் நாளென்பதால் உடனே எழுதவில்லை.

அப்பாவுக்கு எண்பது வயது. மறதி வருத்தம் வந்து இரண்டு வருஷம். இந்த வயதில் அசதி வருவது ஒரு அதிசயம் இல்லை. டொக்டரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். அவர் சாப்பிடுகிறார், பிரஷர் நன்றாக இருக்கிறது, உடம்பில் ஒரு புண் இல்லை. கொப்பியை நீங்கள் வடிவாகப் புரட்டியிருந்தால் அதையெல்லாம் கண்டிருப்பீர்கள். உங்களுக்குக் கண்ணில் பட்டது ஒரு சொல்தான்.

நீங்கள் இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் வருகிறீர்கள். அதுவும் நான் இல்லாத நேரம் பார்த்து, ஒரு கிலோ தோடம்பழத்தோடு. ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டு, குற்றம் கண்டுபிடித்துக்கொண்டு போகிறீர்கள். மிச்ச நேரமெல்லாம் இங்கே யார் இருக்கிறார்கள் என்று யோசித்தீர்களா? தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். நான் வேறு எதுவும் சொல்ல விரும்பவில்லை.

நேற்றைய பொங்கல் புக்கையில் இரண்டு கரண்டி சாப்பிட்டார். பிறகு அசதியாக இருந்தது, படுத்துவிட்டார். உஷாந்தி உங்களுக்கும் ஒரு டப்பாவில் தந்துவிடுகிறாள். பழையதாகும் முன் சாப்பிடுங்கள்.

தம்பி,
ஜனா

*

கொட்டாஞ்சேனை
19.01.2025

ஜனா,

புக்கை நன்றாக இருந்தது என்று உஷாந்தியிடம் சொல். கஜு முந்திரிதான் கொஞ்சம் கூட.

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். ஒஃபிஸ் கடிதம் மாதிரி வடிவாக எழுதியிருக்கிறாய். நான் கேட்ட கேள்வி மட்டும் அதில் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது உனக்குப் புதிது இல்லைத்தானே.

நான் எதைச் சொல்கிறேன் என்று உனக்குத் தெரியும். எழுதிவிடுகிறேன், எழுதாமலே இரண்டரை வருஷம் போய்விட்டது. இரண்டாயிரத்து இருபத்திரண்டு ஜூலை. ஊரெல்லாம் பெற்றோல் வரிசை. காலை ஏழு மணிக்கு நான் போன் எடுத்தேன், அம்மா எப்படி என்று. நீ சொன்னாய், “அம்மா நித்திரை அக்கா. எழுப்ப வேண்டாம், ஆறுதலா வாங்கோ.” சரி, பாவம், நித்திரை கொள்ளட்டும் என்று நினைத்தேன். காஸ் இல்லாமல் விறகில் சமைத்தேன். அவவுக்குப் பிடிக்குமென்று முருங்கையிலைச் சொதி வைத்தேன். பஸ்ஸில் பாதி, நடந்து பாதி, பகல் இரண்டு மணிக்கு வந்து லிப்டால் இறங்கினால் வாசல் நிறையச் செருப்பு. செத்த வீட்டுக்கு நான் சாப்பாட்டுக் கரியரோடு வந்து நின்றேன். எல்லாரும் கரியரைப் பார்த்தார்கள். அம்மா விடிய நாலரைக்கே போயிருந்தா. நான் சொதிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவ அந்த வீட்டில் கிடந்திருக்கிறா. அந்தக் கரியரை எங்கே வைப்பது என்று தெரியாமல் நான் நின்றதை நீ மறந்திருப்பாய். எனக்கு மறக்காது.

அதனால்தான் உன் வாயிலிருந்து நித்திரை, அசதி என்று வந்தாலே நேரில் வந்து பார்க்காமல் எனக்கு இருக்க முடிவதில்லை.

அசதி என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். மத்தியானம் சோறு சாப்பிட்டபின் அம்மாவுக்கு வருமே, அது. “ஒரு அசதியாக் கிடக்கு பிள்ளை” என்று சேலைத் தலைப்பை முகத்தில் போட்டுச் சரிவா. பத்து நிமிஷத்தில் எழும்பித் தேத்தண்ணி வைப்பா. அசதி என்பது அழையாமல் வந்து, சொல்லாமல் போகிற ஒன்று. அது ஒரு வீட்டில் எழுபத்தொரு நாள் தங்காது. யாராவது கூப்பிட்டு வைத்திருந்தால் மட்டும்தான் தங்கும்.

நேற்றுத் திரும்பவும் வந்தேன். நீ மகனை ரியூசனுக்குக் கூட்டிப் போயிருந்தாய். பன்னிரண்டு மணியளவில் அப்பா கொஞ்சம் தெளிந்தார். என் கையைப் பிடித்து, “ஷிப்ட் முடிஞ்சுதோ?” என்று கேட்டார். நாக்குத் தடித்துச் சொல் குழறியது. “முடிஞ்சுதப்பா” என்றேன். “எனக்கு முடியுதில்லை” என்றார். அந்த நேரம் துஷாந்தினி ஒரு சின்னக் கிண்ணத்தோடு வந்தவள், என்னைக் கண்டதும் அதை முதுகுக்குப் பின்னால் கொண்டு போனாள். நான் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. நீயும் அவளை ஏசாதே. கேட்க வேண்டியது உன்னிடம்.

அந்தக் கிண்ணத்தில் என்ன இருந்தது?

அருந்ததி

*

வெள்ளவத்தை
22.01.2025

அக்கா,

வீட்டுக்கு வருவதென்றால் இனிமேல் சொல்லிவிட்டு வாருங்கள்.

ஜனா

*

வெள்ளவத்தை
26.01.2025

அன்புள்ள அக்கா,

புதன்கிழமை எழுதியதை மறந்துவிடுங்கள். துஷாந்தினியின் பையிலிருந்து திருப்பி எடுக்க நினைத்தேன், அவள் பஸ் ஏறிவிட்டாள்.

குளிசைதான். நித்திரைக் குளிசை.

ஒக்ரோபர் இருபத்தொன்பதாம் திகதி நடந்ததை உங்களுக்கு நான் சொல்லவில்லை. அன்று பின்னேரம் இரண்டு மணிக்கு அப்பா களிசான் போட்டு, சேர்ட்டை உள்ளே விட்டு, உஷாந்தியின் டிபன் பெட்டியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். துஷாந்தினி குளியலறையில் அவருடைய சாரம் தோய்த்துக்கொண்டிருந்தாள். அவருக்கு இரண்டரை மணி ஷிப்ட். காலி வீதிப் பக்கம் போகாமல் கடல் பக்கம் இறங்கி, தண்டவாளத்தில் ஏறி நடந்திருக்கிறார், அதுதான் துறைமுகத்துக்குக் குறுக்குவழி என்று. மரைன் டிரைவில் தம்பிலி இளநீர் விற்கிற ரிம்ஸானை உங்களுக்குத் தெரியும். அந்தப் பொடியன்தான் பின்னால் ஓடிப்போய் இடுப்பில் பிடித்து இழுத்திருக்கிறான். ரெயில் போன காற்றில் இரண்டு பேரும் கல்லில் விழுந்திருக்கிறார்கள். ரிம்ஸானின் முழங்கையில் ஆறு தையல். அப்பாவுக்கு ஒன்றுமில்லை. ரிம்ஸானைப் பார்த்து, “உன்னாலை நான் லேட்” என்று ஏசியிருக்கிறார்.

அதற்கு முந்திய வாரம் ஐந்தாம் மாடியிலிருந்து கீழ் வரை எல்லா வீட்டு மணியையும் அடித்துக் கப்பல் வந்துவிட்டது என்று சொல்லியிருந்தார். பிளாட் கமிட்டியில் என்னைக் கூப்பிட்டுக் கதைத்தார்கள். மரியாதையாகத்தான் கதைத்தார்கள், அதுதான் வெட்கம். உஷாந்தி கதவை மறித்தபோது முகத்தில் அடித்துவிட்டார். அவள் இரண்டு நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. கேட்டவர்களுக்குக் கதவில் முட்டியது என்று சொன்னாள்.

டொக்டர் எழுதியது படுக்கிற நேரத்துக்கு ஒன்று, தேவையென்றால் மட்டும். அதைக் கொடுத்த முதல் நாள் எல்லாரும் நிம்மதியாக இருந்தோம். பிறகு காலையில் அரை கொடுத்துப் பார்த்தோம். பிறகு அந்த அரை ஒன்றாயிற்று. பிறகு மத்தியானமும். கூட்டியது டொக்டர் இல்லை, நான். அவருக்கு அது தெரியாது.

முதல் நாள் துஷாந்தினி கொப்பியைக் கொண்டு வந்து, “நிலைமைக்கு என்னெண்டு எழுதுறது சேர்?” என்று கேட்டாள். நான் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தேன். “அசதி எண்டு எழுதுங்கோ” என்றேன். அடுத்த நாளிலிருந்து அவள் கேட்கவில்லை. நீங்கள் எழுதியது சரி, அக்கா. நல்ல சொல் அது. அதை எழுதினால் வீட்டில் யாரும் எதுவும் செய்யாத மாதிரி இருக்கும். பின்னேரம் வந்து கொப்பியைப் பார்க்கும்போது எனக்கே அது உண்மை போலத் தெரியும். அப்பாவுக்கு இன்று அசதி, பாவம் என்று நினைத்துக்கொண்டு தேத்தண்ணி குடித்திருக்கிறேன்.

இன்னொன்று. இதைச் சொல்வதில்லை என்றுதான் இருந்தேன். அம்மா போன அன்று “நித்திரை எண்டு சொல்லு” என்று எனக்குச் சொன்னது அப்பா. நான் போனைக் கையால் பொத்திக்கொண்டு அவரைப் பார்த்தேன். “வாகனம் ஒண்டும் இல்லை. அவள் தெருவழிய அழுதுகொண்டு தனிய நடப்பாள். வந்து பார்க்கட்டும்” என்றார். நீங்கள் சாப்பாட்டோடு வருவீர்கள் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்தக் கரியரை உங்கள் கையிலிருந்து வாங்கியதும் அப்பாதான். அது உங்களுக்கு ஞாபகம் இல்லை. குசினியில் நின்று அந்தச் சொதியை ஒரு கோப்பையில் விட்டுக் குடித்தார். செத்த வீட்டில் குடிக்கக் கூடாது என்று யாரோ சொன்னதற்கு, “என்ரை பிள்ளை கொண்டு வந்தது” என்றார்.

நீங்கள் என்னோடு கோபமாக இருந்தால் பரவாயில்லை, அவரோடு இருக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

ஜனா

*

கொட்டாஞ்சேனை
28.01.2025

ஜனா,

அம்மாவைப் பற்றி நீ எழுதியதற்கு இப்போது என்னால் பதில் எழுத முடியாது. இரண்டு நாளாக அந்தப் பந்தியை மட்டும் மடித்து வைத்திருக்கிறேன்.

சனிக்கிழமை அப்பாவை இங்கே கொண்டு வா. நான் கேட்கவில்லை, சொல்கிறேன். துஷாந்தினிக்கும் இது கிட்ட, அவள் சம்மதித்துவிட்டாள். நான் வேலை செய்கிற பள்ளிக்கூட ஒஃபிஸ் ஒன்றரைக்கு முடியும், இரண்டு தெரு நடந்தால் வீடு. நானும் தனி ஆள்தானே, யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டில் பேர்ணடெற் அக்கா இருக்கிறா.

உடுப்பு, கண்ணாடி, கொப்பி எல்லாம் வர வேண்டும். குளிசை வரக் கூடாது. கொல்லுகிறதுக்கும் அசதியாக்குகிறதுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று நினைத்தாய்? நீ கெட்டவன் இல்லை என்று எனக்குத் தெரியும். அதுதான் எனக்குப் பயம். நல்ல பிள்ளை ஒருவன் ஷூ லேஸ் கட்டிக்கொண்டே இதைச் செய்திருக்கிறான்.

அருந்ததி

*

வெள்ளவத்தை
05.02.2025

அன்புள்ள அக்கா,

அப்பாவின் செருப்பு ஒன்று கட்டிலுக்குக் கீழே கிடந்தது, சம்பளத்துக்கு இங்கே வருகிற துஷாந்தினியிடம் தந்துவிடுகிறேன்.

சனிக்கிழமை நீங்கள் சொன்னபடி செய்யாமல் குளிசையையும் பையில் வைத்துவிட்டேன். கண்ணாடிக் கூட்டுக்குள் இருக்கிறது, துஷாந்தினிக்குத் தெரியும். கோபிக்க வேண்டாம். ஒரேயடியாக நிறுத்தக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும் என்று டொக்டர் சொன்னார். அவரிடம் நேரில் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஏசினார். ஏச்சு வாங்கியது நல்லதாக இருந்தது. எப்படிக் குறைப்பது என்று எழுதித் தந்த துண்டும் அதற்குள் இருக்கிறது.

இரண்டு மணிக்குக் கவனம். ஒன்றரையிலிருந்து ஆயத்தப்படுத்துவார். இங்கே அவர் வழி தெரியாமல் தண்டவாளத்தில் ஏறினார். உங்கள் ஒழுங்கையிலிருந்து துறைமுகத்துக்கு வழி அவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு தெரியும். அதுதான் எனக்குப் பயம். கதவுக்கு மேல் கொண்டி போடுங்கள், உயரமாக.

உஷாந்தி அவருடைய அறையைக் கழுவிவிட்டாள். நான் பின்னேரம் வந்து பழக்கதோஷத்தில் கொப்பியைத் தேடுகிறேன். எனக்கு இப்போது நித்திரை வருவதில்லை. யாரிடம் சொல்ல?

ஜனா

*

கொட்டாஞ்சேனை
16.02.2025

தம்பி,

அப்பா முழித்துவிட்டார்!

துண்டில் இருந்தபடி குறைத்தேன். வியாழக்கிழமையிலிருந்து ஒன்றும் இல்லை. முந்தாநாள் காலை எழும்பி முகம் கழுவி, கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் பேப்பரை விரித்தார். தலைப்பை மட்டும் சத்தமாக வாசித்தார். அதையே ஐந்து தரம் வாசித்தார், இருக்கட்டும். இடியப்பம் ஏழு சாப்பிட்டார். நேற்று நான் மத்தியானம் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டேன். காலில் ஒரு தட்டு! திடுக்கிட்டு எழும்பினால் அப்பா நிற்கிறார். “பகலில நித்திரை கொள்ளுறவன்…” என்று தொடங்கினார், மிச்சம் வரவில்லை. நான் முடித்து வைத்தேன். இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடியாமலே நான் அழுதுவிட்டேன்.

கொப்பியில் இப்போது அசதி இல்லை என்று உனக்குச் சொல்ல ஆசை. நேற்றைய நிலைமை இது: ‘பேர்ணடெற் அக்காவின் பூனையைக் கப்பற் காப்டன் என்று நினைத்துச் சல்யூட் அடித்தார்.’

பார்த்தாயா ஜனா, மனம் இருந்தால் இடம் உண்டு. நீயும் உஷாந்தியும் கொஞ்சம் பொறுத்திருக்கலாம்.

கொண்டி போட்டுவிட்டேன்.

அக்கா

*

வெள்ளவத்தை
18.02.2025

அன்புள்ள அக்கா,

பூனைக் கதையை உஷாந்திக்கு வாசித்துக் காட்டினேன். அவள் சிரித்தாள். பொறுத்திருக்கலாம் என்ற பந்தியை வாசிக்கவில்லை.

ஜனா

*

கொட்டாஞ்சேனை
07.03.2025

அன்புள்ள தம்பி,

நீ போன் எடுத்தபோதெல்லாம் நான் எடுக்கவில்லை. “அப்பா சுகம், பிறகு கதைக்கிறன்” என்று மெசேஜ் மட்டும் போட்டேன். இந்தக் குடும்பத்தில் எல்லாருக்கும் அந்தப் பழக்கம் இருக்கிறது போல. நடந்ததை எழுதுகிறேன்.

போன வெள்ளி அப்பா கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டார். துஷாந்தினி அன்று லீவு. கொண்டியை நான்தான் போட மறந்தேன். பள்ளிக்கூடத்தில் நிற்க வேண்டி வந்ததால் பேர்ணடெற் அக்காவை இருக்கச் சொல்லியிருந்தேன். வெளியே போக வந்தவரை அவ கதவடியில் மறித்திருக்கிறா. அவர் தள்ளிவிட்டதில் அவ படியில் விழுந்து மணிக்கட்டு உடைந்துவிட்டது. எழுபத்திரண்டு வயது மனுசி. ஆஸ்பத்திரியில், “அவருக்குத் தெரியாதுதானே பிள்ளை, நீ அழாதை” என்று எனக்கு ஆறுதல் சொல்கிறா. நான் யாரிடம் போய் மன்னிப்புக் கேட்க?

அப்பா நீ சொன்னபடிதான். ஒரு இடத்திலும் வழி பிசகாமல் துறைமுக வாசலுக்கே போய்விட்டார். கொள்கலன் லொறிகள் திரும்புகிற இடத்தில், நடுவில் நின்று ஒவ்வொரு லொறியையும் கை நீட்டி எண்ணியிருக்கிறார். காவலுக்கு நின்ற ஷிஹான் என்ற பிள்ளை அவரைக் கூட்டிப்போய்த் தன் கதிரையில் இருத்தி, சட்டைப் பையில் நான் தைத்திருந்த நம்பருக்குப் போன் எடுத்தான். நான் போனபோது அப்பா எவ்வளவு சந்தோஷமாக இருந்தார் தெரியுமா? “முப்பத்தொண்டு எண்ணிப்போட்டன், இனி நீ எழுது” என்றார். அந்த முகத்தைப் பார்த்து எனக்குக் கோபப்படவும் முடியவில்லை. அடுத்த லொறி இரண்டடி கிட்ட வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்காமலும் இருக்க முடியவில்லை.

சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் இரண்டு மணிக்குக் கதவில் அடித்தார். கொண்டியைப் பிடுங்கப் பார்த்து நகம் கிழிந்தது. என்னை யாரென்று தெரியாமல், கப்பலைக் களவெடுக்க வந்த கள்ளி என்று கத்தினார். ஒஃபிஸில் மிச்சமிருந்த லீவையெல்லாம் இந்தக் கிழமை போட்டு முடித்துவிட்டேன். செவ்வாயும் புதனும் நான் கதவில் முதுகைச் சாய்த்து நிலத்திலேயே இருந்தேன், அவர் அடிக்க அடிக்க. நேற்று வியாழன், ஒரு மணிக்குக் கண்ணாடிக் கூட்டைத் திறந்தேன். அரைக் குளிசை. தயிரில் கரைத்தேன். கை நடுங்கவில்லை ஜனா. நடுங்கும் என்று நினைத்தேன், நடுங்கவில்லை. அதுதான் எனக்குப் பெரிய அடி. இரண்டு மணிக்கு அப்பா கதிரையில் கிடந்தார், வீடு அமைதியாக இருந்தது, நான் தேத்தண்ணி வைத்துக் குடித்தேன். இனித்தது.

தலையிடியும் காய்ச்சலும் எனக்கும் வந்துவிட்டது. நீ வாசிக்காமல் விட்ட அந்தப் பந்தியை உஷாந்திக்கு வாசித்துக் காட்டு. வாசித்துவிட்டு, அக்கா மன்னிப்புக் கேட்கிறா என்று சொல். அவளுடைய முகத்தில் பட்ட அடியைப் பற்றி நீ எழுதியும் நான் ஒரு வரி கேட்கவில்லை.

பின்னேரம் துஷாந்தினி கொப்பியோடு வந்து நின்றாள். “நிலைமைக்கு என்ன அக்கா எழுத?” என்று கேட்டாள். உன்னிடம் கேட்ட அதே கேள்வி. அவளுடைய கண்ணில் ஒரு குற்றச்சாட்டும் இல்லை. என்ன சொன்னாலும் எழுதியிருப்பாள். “தாரும், நான் எழுதுறன்” என்று பேனையை வாங்கினேன். வாங்கியதும் என் கை ‘அ’ என்று எழுதிவிட்டது. சத்தியமாக, நான் யோசிக்கவே இல்லை, கை தானாகப் போய்விட்டது. அவ்வளவு லேசான சொல் அது. அந்த எழுத்தை வெட்டவில்லை. அதிலேயே தொடர்ந்து என் பெயரை எழுதினேன்.

‘அருந்ததி பகல் ஒரு மணிக்கு அரைக் குளிசை கொடுத்தாள். டொக்டரைக் கேட்கவில்லை. அப்பா நாலரை வரை முழிக்கவில்லை.’

இந்தக் கொப்பியை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை டொக்டரிடம் போக வேண்டும். உன்னுடைய அசதிப் பக்கங்கள், என்னுடைய இந்த ஒரு வரி, எல்லாவற்றையும் காட்ட வேண்டும். பகலில் யாராவது பார்க்கிற இடம் இருக்கிறதா, ஆளுக்கு மூன்று நாள் என்று பிரிக்கலாமா, எவ்வளவு குளிசை சரி, எல்லாம் கேட்க வேண்டும். தனியப் போக எனக்குத் துணிவில்லை. நீ வர வேண்டும்.

அம்மாவைப் பற்றிய அந்தப் பந்தியை நேற்று விரித்தேன். அப்பா அன்று எனக்குச் செய்ததை நான் நேற்று அப்பாவுக்குச் செய்தேன். தெருவில் தனிய நடக்கக் கூடாது என்றுதான். அவருடைய அன்பை ஏற்றுக்கொள்ள எனக்கு இரண்டரை வருஷமும் அரைக் குளிசையும் தேவைப்பட்டது.

இன்று நான் ஒன்றும் கொடுக்கவில்லை. இதை எழுதும்போது மணி ஒன்று இருபது. அப்பா களிசான் தேடத் தொடங்கிவிட்டார். இதை உன்னிடம் கொண்டு வரத் துஷாந்தினி காத்து நிற்கிறாள். பின்னேரம் உன் கைக்குக் கிடைக்கும். நாளைக்குச் சனிக்கிழமைதானே, ஒன்றரைக்கு முதல் வந்துவிடு. கதவில் சாய்ந்திருக்க இன்னொரு முதுகு வேண்டும்.

உன் அக்கா,
அருந்ததி